நாலு ஊருக்கும் ஒரே அனுமதி

"வகுப்புன்னு சொன்னீங்க, ஒரு பெஞ்சைக் கூடக் காணோமே?"

ஊ தேவராஜ் வாசற்படியிலேயே நின்று கேட்டார். மோல்மீன் கோயில் சபையின் தலைவர்; பெயருக்கு முன்னால் வரும் 'ஊ' பர்மாவில் பெரியவர்களுக்குத் தரும் மரியாதை. விடியற்காலை பஸ் பிடித்து யாங்கோனுக்கு வந்திருந்தார்.

யாங்கோனின் பபேடான் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த சின்ன அறை அது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு சரஸ்வதி படம். அவ்வளவுதான்.

"பெஞ்ச் வேண்டியதில்லைங்க ஐயா. பிள்ளைங்க அவங்கவங்க வீட்டுல இருந்தே போன்ல படிக்கிறாங்க," என்றாள் தமிழரசி. அந்தத் தமிழ் வகுப்புக்கு அவள்தான் பொறுப்பு.

"அப்ப நான் எதைப் பார்த்து அனுமதி கொடுக்கிறது?"

மனிதர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. யாங்கோன், பெகு, பாஆன், மோல்மீன் என்று நாலு ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அந்தந்த ஊர்க் கோயில் சபை தலையாட்டாமல் நம்மவர்கள் பிள்ளையை எந்த வகுப்பிலும் தொடர விடமாட்டார்கள். யாங்கோன் சபை பார்த்துச் சரி என்றது. அது போதாது என்று பெகுக்காரர்கள் தனியாக வந்தார்கள், அதே அறையைப் பார்த்தார்கள், சமோசா சாப்பிட்டார்கள், சரி என்றார்கள். பாஆன்காரர்களோ மோல்மீன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊ தேவராஜ் கூடாது என்றால் பாதிப் பிள்ளைகள் போய்விடுவார்கள், வகுப்பையே மூடவேண்டியதுதான்.

அவர் அறையைச் சுற்றிவந்தார்.

"தண்ணி வசதி?"

"இருக்குங்க."

"பிள்ளைங்க ஜன்னல்ல ஏறிடாதா?"

"பிள்ளைங்க யாருமே இங்க வரமாட்டாங்க ஐயா."

"ஆமால்ல," என்றார். ஆனாலும் ஜன்னல் கம்பியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

தமிழரசி கீழே டீக்கடையில் சொல்லி லபெயே வரவழைத்தாள். பால் டீ தொண்டையில் இறங்கியதும் அவர் குரல் கொஞ்சம் இளகியது.

"ஐயா, யாங்கோன் சபையும் பெகு சபையும் பார்த்துட்டாங்க. ஒரு ஊர் பார்த்துச் சரின்னா மத்த ஊரும் ஒத்துக்கக் கூடாதா?"

"அதெப்படி? அவங்க வேற மாநிலம், நாங்க மொன் மாநிலம். எங்க ஊர் வழக்கம் எங்களுக்கு."

"உங்க கோயில் தீமிதிக்கு எந்த ஊர்ப் பூசாரி வர்றாருங்க?"

"பெகு பூசாரிதான்."

"அவருக்கு நீங்க தனியா பரீட்சை வெச்சீங்களா?"

"அவருக்கு என்னத்துக்குப் பரீட்சை? பெகுல வருஷா வருஷம் கரகம் எடுக்குறவராச்சே!"

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. கப்பைக் கீழே வைத்துவிட்டுத் தமிழரசியை முறைத்தார். சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று அவள் சரஸ்வதி படத்தைப் பார்த்தாள்.

"சரி, பாடமாவது எப்படின்னு காட்டுங்க."

முந்தின நாள் ஒரு பெகு சிறுமி வாசித்து அனுப்பிய பதிவைத் தமிழரசி போனில் போட்டாள். 'மழை பெய்தது. வாழை இலையில் பழம் வைத்தோம்.' வீட்டில் பர்மியமே பேசி வளர்ந்த குழந்தை. ழகரம் ஒவ்வொன்றும் கணீரென்று விழுந்தது.

ஊ தேவராஜ் அசந்துபோனார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எங்க மக வயித்துப் பேரப்பிள்ளைங்களுக்கு 'வாழப்பழம்'னே வராது. 'வாயப்பயம்'தான். யாங்கோன் யாங்கோன்தாம்மா! எங்க ஊர்ல இப்படிச் சொல்லிக் கொடுக்க யாரு இருக்கா? எங்க படிச்சீங்க டீச்சரம்மா இவ்வளவு தமிழு?"

"லபெயே ஆறுதுங்க ஐயா," என்றாள் தமிழரசி.

அவர் கப்பைக் காலி செய்துவிட்டுப் போனை எடுத்தார். நாலு ஊர்ச் சபைத் தலைவர்களும் இருக்கும் வைபர் குழுவில் குரல் பதிவு போடத் தயாரானார்.

"ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். டீச்சர் எந்த ஊர்ல இருந்து பாடம் எடுத்தாலும் செல்லும்னு சேர்த்துச் சொல்லிடுங்க."

"அது எதுக்கு?"

"நாளைக்கு யாராவது அதையும் கேப்பாங்க. மறுபடி நீங்க பஸ் ஏறி வரணும்."

பஸ் பயணத்தை நினைத்ததும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனை வாயருகே வைத்து, சபையில் பேசும் குரலில் முழங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் நேர்ல பார்த்துட்டேன். பாடம் பிரமாதம். டீச்சர் எந்த ஊர்ல இருந்து நடத்தினாலும் மோல்மீனுக்குச் சம்மதம். இனிமே ஒரு ஊர்ச் சபை ஒத்துக்கிட்டா நாலு ஊரும் ஒத்துக்கிட்ட மாதிரி. யாரும் தனியா பார்க்க வரவேண்டாம்!"

பாஆனிலிருந்து உடனே சம்மதமாகக் கட்டைவிரல் படம் வந்தது. தமிழரசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று கைகூப்பினாள்.

கிளம்பும்போது அவர் வாசலில் தயங்கினார்.

"டீச்சரம்மா, பெரியவங்களையும் சேர்ப்பீங்களா? என் மருமக விஜயகுமாரி வீட்டுல சும்மாதான் இருக்கா. சாயங்காலம் ஆனா ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் போனும் கையுமா கிடக்குறா. அந்த நேரத்துல நாலு தமிழ் எழுத்தாவது கத்துக்கட்டும்."

"அதுக்கென்னங்க ஐயா, நான் பேசுறேன்."

அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்த்த தமிழரசி, உடனே மோல்மீனுக்குப் போன் போட்டாள்.

"விஜயகுமாரி டீச்சர், உங்க மாமனார் அனுமதி கொடுத்துட்டாரு! இனிமே கதவைத் திறந்து வெச்சே நீங்க பாடம் எடுக்கலாம்."