கப்பல் முதுகில் எழுதிய ஊர்

"முதுவு பிச்சிக்கினு போவுது. அந்தத் தைலத்தை எட்த்துகினு வாமே" என்று சொல்லிக்கொண்டே பிராங்கிளின் பாயில் குப்புற விழுந்தார்.

கப்பல்மேல் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து ராயபுரம் கல்மண்டபத்து வீட்டுக்கு வந்தால் முதலில் பாய், அப்புறம்தான் சோறு.

கிறிஸ்டினா தைலத்தோடு வந்து முதுகில் ஒரு தேய் தேய்த்தாள். "உன் பொண்ணு கதையக் கேட்டியா? நர்ஸ் வேலை கெட்ச்சிக்கீதாம். எங்கன்னு கேளு. ஆப்பிரிக்காவுல லைபீரியாவாம். மன்ரோவியான்னு ஊராம். ரெண்டு வருசம். நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். முடியாதுன்னுட்டேன்."

மெர்லின் கதவோரம் போனைப் பிடித்தபடி நின்றாள். எண்ணூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. இந்த வெளிநாட்டு வேலையை விட்டால் வேறு வழியில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"நீ இன்னா முடியாதுன்றது?" பிராங்கிளின் தலையைத் தூக்கினார். "நான் ஒருத்தன் உயிரோட கீறேன்ல?"

"எந்தப் பக்கம் கீதுன்னே தெரியாத ஊருக்கு வயசுப் பொண்ண அனுப்புவாங்களா? அந்தப் பேரையே எவனும் கேட்டதில்ல."

"கேட்டதில்லையா?" முதுகை மறந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "ஹார்பர்ல வந்து நின்னு பாருமே. கப்பல் பின்னாடி, அதோட பேருக்குக் கீழ ஊரு பேரு எழுதியிருக்கும். மூணு கப்பல் வந்தா ஒண்ணு மன்ரோவியா. இன்னிக்கு என் இடுப்ப ஒடிச்சதே மன்ரோவியா கப்பல்தான். ராயபுரம்னு எழுதின கப்பல் ஒண்ணு காட்டு பாப்போம்."

"எழுதியிருந்தா ஆச்சா? ஆட்டோ பின்னாடிகூடத்தான் இன்னா இன்னாவோ எழுதிக்கினு போறான்."

மெர்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"உனுக்குத் தெரியாது, வுடு. அவ்ளோ கப்பல் வச்சிக்கீறான்னா எம்மாம் பெரிய நாடா இருக்கும்! எத்தினி கோடி ஜனம் இருக்கும்!"

"இல்ல நைனா, மொத்த நாட்டுக்கே அம்பத்தஞ்சு லட்சம் பேரு சொச்சந்தான். நம்ம சென்னையவிட..."

"நீ சும்மா இருடி, பெரியவங்க பேசிக்கினு கீறோம்ல" என்று கிறிஸ்டினா அதட்டினாள். அவர் பக்கம் திரும்பி, "அங்க சோறு கெடைக்குமா? காஞ்ச ரொட்டியத் தின்னுகினு கெடப்பாளா?" என்றாள்.

"கடலோரத்து நாடுமே. கடல் கீதுன்னா மீன் கீது. மீன் கீதுன்னா சோறு இல்லாம பூடுமா?"

"சோறுதான் நைனா. மரவள்ளி எலைய அரைச்சி, கொழம்பு வச்சி ஊத்திப்பாங்களாம்."

"கேட்டுக்கினியா? நீ வைக்கிற கொழம்பவிட நல்லாத்தான் இருக்கும்."

"மழை வந்தா மாசக்கணக்குல கொட்டுமாமே?"

"கொட்டட்டும். இங்க முட்டி வரைக்கும் தண்ணி நின்னப்போ நீ இன்னா டெல்லிக்கா ஓடிட்ட? கட்டில் மேல உக்காந்துகினு டீ கேட்ட."

கிறிஸ்டினாவுக்குக் குரல் உடைந்தது. "ஒரு நல்லது கெட்டதுன்னா எப்டிய்யா வருவா?"

"மூணுக்கு ஒண்ணு மன்ரோவியா கப்பல்னு இப்பதானே சொன்னேன்? ஏறி உக்காந்தா இங்க வந்து எறங்கப் போறா. நான்தான் கையப் புடிச்சி எறக்குவேன். இதுக்குப் போயி அழுவுற."

"இன்னாவோ பண்ணுங்க. அப்பனும் பொண்ணும் ஒண்ணு சேந்துட்டீங்க. என் பேச்சுக்கு இந்த வூட்ல என்னிக்கு மரியாதை இருந்துது?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள்.

பிராங்கிளின் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மெர்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாக, "நைனா, அந்தக் கப்பலுங்க மன்ரோவியா பக்கமே போறதில்ல. வேற நாட்டு மொதலாளிங்க வரி கம்மின்னு அங்க பதிஞ்சி வச்சிக்கிறாங்க. பேரு மட்டும்தான் அந்த ஊரு" என்றாள்.

"தெரியும்டி. இத்தினி வருசமா ஏறி எறங்குறேன். பிலிப்பைன்ஸ்காரன் பாத்துக்கீறேன், உக்ரைன்காரன் பாத்துக்கீறேன், தூத்துக்குடிக்காரன்கூட ஒருத்தன் இருந்தான். மன்ரோவியாக்காரன் ஒருத்தனக் கண்ணால பாத்ததில்ல. அதை உங்கம்மாகிட்ட சொன்னா வுடுவாளா? நீ போறேன்னு அனுப்பு, மொதல்ல."

மெர்லின் போனில் ஆப்பிரிக்கா வரைபடத்தைத் திறந்து அந்த நாட்டைக் காட்டினாள். "எங்க?" என்று அவர் கட்டைவிரலை வைத்தார். நாடு முழுவதும் விரலுக்கடியில் மறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவர் விரலை எடுக்கவில்லை.

அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். பெண்டாட்டியை மடக்கிய கதையை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மெர்லின் அடுப்பங்கரைக்குள் வந்தாள். கிறிஸ்டினா தவாவில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கண்ணில் சொட்டு ஈரமில்லை.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேம்மா."

"ஆண்டவரே! நான் மட்டும் போயிட்டு வாடின்னு சொல்லியிருந்தேன்னு வையி, பெத்தவளா நீன்னு கேட்டுகினு வாசல்ல குறுக்கப் படுத்துகினு இருப்பாரு. சோத்துப் பேச்சு வந்தப்ப குறுக்க வந்தது சரி, அந்த அம்பத்தஞ்சு லட்சத்த எவடி நடுவுல அவுத்து வுடச் சொன்னா?"

மெர்லின் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"தள்ளுடி, எண்ண தெறிக்கும். இவரு ஒத்துகினா இவருக்கே மொட்டை போடுறேன்னு வேளாங்கண்ணி மாதாகிட்ட நேர்ந்துகினு கீறேன். நாளைக்குக் காலையில, மொட்டை மட்டும் வாணவே வாணாம்னு சண்டைய ஆரம்பிக்கணும். மாதாவுக்கு அந்தக் கடன் இன்னும் பாக்கி கீது."