ஆரத்தித் தட்டின் மறுபக்கம்

செத்துப் பதினொரு வருடமான மாமியார்தான் தனக்கு ஆரத்தி எடுத்தார் என்று விசா அதிகாரியிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்தாள் நாகபூசணி. கலியாணம் உண்மை என்று காட்ட அவள் கொண்டுபோன படங்களின் பாரத்தில் ஓட்டோவே ஒரு பக்கம் சரிந்ததாம். அத்தனையிலும் ஒன்றைத்தான் அதிகாரி விரலால் தட்டினார். ஆரத்தித் தட்டை இரண்டு பெண்கள் எதிரெதிராகப் பிடிப்பது வழக்கம். படத்தில் இந்தப் பக்கம் சித்தி நிற்கிறாள். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. தட்டோ சரியாமல் மட்டமாக நிற்கிறது.

"விசர்க்கதை கதைச்சுப்போட்டு வந்திருக்கிறீர்," என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சினந்தான் கணவன் மதனகரன். "ஃபைலில அம்மாவின்ர மரணச் சான்றிதழ் கிடக்குது. இனி எங்கட கலியாணமே பொய்யெண்டு எழுதப்போயினம். நாளைக்கு என்னட்டையும் இதைத்தான் கேப்பினம்."

"கண்டதைத்தானப்பா சொன்னன். அவாவின்ர பெருவிரலில நகம் இல்லை. அந்த விரலாலதான் எனக்குப் பொட்டு வச்சவா."

"வீட்டில இருக்கிற அம்மாவின்ர படத்தில முகம் மட்டும்தானே. விரலைப் பற்றி ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."



"அண்டைக்கு எனக்கும் வச்சவா," என்றான் மதனகரன். "விரல் சில்லெண்டு இருந்தது. பயத்தில நான் கண்ணைத் திறக்கேல்லை."