நத்தையோடு சீட்டாட்டம்

கைபேசியில் சீட்டாட்டம் தொற்றிக்கொண்டதிலிருந்து தூரிட் பின்னல் ஊசியைத் தொடவே இல்லை. கணவன் ஓட்வாரின் ஸ்வெட்டர் ஒற்றைக் கையோடு கூடையில் கிடந்தது.

“தோக்கப்போறோம்னு தெரிஞ்சாப் போதும், எதிர்ல ஆடுற அந்த ‘நத்தை’ங்கிற பேர்க்காரன் சீட்டே போடாம உக்காந்துக்கிறான்,” என்று பொருமினாள். “நான் சலிச்சுப்போய் வெளியேறணுமாம். வெளியேறினா அவன் ஜெயிச்சதாயிடும்.”

“விட்டுக்குடுத்துராதே,” என்று சொல்லிவிட்டு, ஓட்வார் வலை தைக்க ஃபியோர்டுக் கரையிலிருந்த படகுக் கொட்டகைக்குக் கிளம்பினான்.

தூரிட் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சும்மா காத்திருக்கவும் அவள் கைகளுக்குத் தெரியாது. கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நத்தை யோசிக்க யோசிக்க, ஸ்வெட்டர் வளர்ந்தது.

முதல் பனி விழுந்த அன்று அது முடிந்தது. ஓட்வார் போட்டுப் பார்த்தான், கச்சிதமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டே கொட்டகைக்குப் போனான்.

அன்றைக்கு நத்தை மளமளவென்று சீட்டுகளை இறக்கி, தோற்றும் போனது. “ஒருவழியா புத்தி வந்துருச்சு,” என்று சிரித்துக்கொண்டாள் தூரிட்.

மறுநாள் நத்தை மறுபடியும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. அவள் பல்லைக் கடித்தபோது, முதன்முறையாக அதனிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

“ஸ்வெட்டர் நல்ல கதகதப்பா இருக்கு. காலுறைதான் ரெண்டும் கிழிஞ்சுபோச்சு, தூரிட்.”