கம்பிக்குக் கீழே

இடுப்பு விட்டுப்போயிற்று. பெனோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து பார்த்தான். வலி மற்றப் பக்கத்துக்கு மாறியதே தவிரக் குறையவில்லை.

எதிரே ஊர் வாசலில் குறுக்குக் கம்பி. இரண்டு பக்கமும் தண்டவாளத் துண்டு நட்டு, மேலே மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய். கல்குவாரி வண்டி ஊருக்குள் வரக் கூடாது என்று ஊரே சேர்ந்து போட்டது. கார் போகும். மினி பஸ் போகும். ஜல்லி ஏற்றிய டிரெய்லர் போகாது.

குனிந்தால் போகும்.

ராதாபுரம் ரோட்டில் அதிகாரிகள் நின்று எடை போடுவதாக முதலாளிக்குத் தகவல் வந்திருந்தது. ஊருக்குள் பூந்து போ என்று போனில் சொல்லிவிட்டார். மற்ற டிரைவர்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பெனோ சொந்த ஊர்க்காரன், அவனை யார் மறிக்கப்போகிறார்கள் என்று கணக்கு.

கிளீனர் கிடையாது. செலவு என்று எப்போதோ நிறுத்தியாயிற்று. பெனோவே இறங்கினான். பின்வண்டிச் சக்கரங்களுக்குப் பக்கத்தில் முக்கிக் குனிந்து, காற்றை விடும் பிடியைத் திருகினான்.

ஸ்ஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே உப்பிக்கிடந்த ரப்பர் பைகள் வற்றின. அத்தனை ஜல்லியோடும் பின்வண்டி, சினை எருமை படுப்பதுபோலப் பையப் பைய அமர்ந்தது.

அந்தச் சத்தம் இல்லாமல் காற்றை விட வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து கோயில் விட்டிருந்தது. வெள்ளை வேட்டியும் பைபிளுமாக வந்துகொண்டிருந்த சனம் நின்று பார்த்தது. ஒருத்தரும் மறிக்கவில்லை. மறித்திருந்தால் தேவலை. ஊர் விடமாட்டேன் என்கிறது என்று சொல்லி வண்டியைத் திருப்பியிருக்கலாம்.

கம்பி போட முன்னால் நின்ற தேவசிகாமணி அண்ணாச்சி மட்டும் வாயைத் திறந்தார்.

"ஏலே பெனோ, நீயும் குழி தோண்டுனவன்தானல. இன்னும் ஒரு சாண் கீழ போடுவோம்னு அன்னைக்கே சொன்னேம்லா. ஆம்புலன்ஸ் போவணும்னு நீதாம்ல ஒசத்தச் சொன்ன!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெனோவும் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டதுதான் மிச்சம்.

கம்பியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஊர் வண்டியைப் பிடித்துப்போட்டுவிடும். அப்புறம் குவாரியில் தலைகாட்ட முடியாது. வேலை போனால் போகட்டும் என்று விட முடிகிற நிலையில் அவன் இல்லை.

ஏறி உட்கார்ந்தான். முன்வண்டி சுளுவாக நுழைந்தது. பின்வண்டியின் மேல்விளிம்புதான் இடிக்கும். சீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. யாராவது பின்னால் நின்று சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு யாரைக் கூப்பிடுவது?

பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

பின்வண்டித் தகரத்தில் யாரோ தட்டினார்கள். இரண்டு தட்டு. வரலாம்.

வண்டியை நகர்த்தினான். மறுபடி இரண்டு தட்டு. நகர்த்தினான். ஒரே ஒரு தட்டு. சட்டென்று மிதித்து நிறுத்தினான். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தான். காத்திருந்தான். இரண்டு தட்டு.

கிளீனர்கள் உள்ளங்கையால் அடிப்பார்கள். தொப்பென்று விழும். இது அப்படி இல்லை. டங் டங்கென்று, குழாயால் தகரத்தில் தட்டுகிற சத்தம்.

பெனோவுக்கு அந்தச் சத்தம் தெரியும். தண்ணீர் குடிக்க மகள் எழும்பும்போது கட்டில் காலில் படும். குளிக்கப் போகும்போது நிலையில் படும்.

வெளியே சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக் கேட்டு, வண்டி முழுவதையும் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான்.

காற்று ஏற்ற இறங்கியபோது ரீபா அங்கேயே நின்றிருந்தாள். கோயிலுக்குக் கட்டின நீலப் பாவாடை. ஒரு ஊன்றுகோல் கக்கத்தில், இன்னொன்று கையில்.

"இடிக்கலப்பா. ஏத்திக்கிடுங்க."

இந்தத் திருப்பத்தில்தான் அவள் மேலும் சைக்கிள் மேலும் குவாரி வண்டி ஏறி இறங்கியது. அதற்கப்புறம்தான் கம்பி. கேஸுக்கு ஊர் மொத்தமும் சாட்சி சொல்ல வந்தது. பிள்ளைதான் குறுக்கே வந்துவிட்டது என்று பெனோ ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். முதலாளி கையோடு வேலை போட்டுத் தந்தார். கூடவே அவளுக்கு ஒன்று வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

என்ன எழுதினான் என்று ஊருக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அவன் பிடியைத் திருப்பினான். பைகள் உப்பின. வண்டி எழும்ப எழும்ப, ரீபா தத்தித் தத்தி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

முதலாளி அவளுக்கு ஒரு கால் தர வேண்டும். இடது கால், முழங்காலுக்குக் கீழே. இன்னும் தரவில்லை.