முதல் பக்கம் காணோம்

“மேடம், இந்த ஆய்வுக் கட்டுரை பிரிண்டர்ல கிடந்துச்சு. எவனோ உங்க முப்பது வருஷ உழைப்புக்கு வேட்டு வச்சிருக்கான்!”

தாள்களை மேசைமேல் அறைந்தாள், பதினொரு வருடமாக அந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவள். வேதியியல் பேராசிரியை நிமிரவே இல்லை.

“என்ன எழுதியிருக்கு?”

“சர்க்கரை வந்து தொட்டாத்தான் நொதி வாயைத் திறக்கும்னு நீங்க கண்டுபிடிச்சீங்க. பாடப் புத்தகத்துலயே வந்தாச்சு. இவன் என்னடான்னா, யாரும் தொடாமலே அது தானா திறந்து மூடிக்கிட்டு இருக்குங்கறான். கொழுப்பைப் பாருங்க!”

“ஆதாரம் காட்டியிருக்கா?”

“சர்க்கரையே ஊத்தாத குழாயில அளந்தானாம். அதுவும் நாற்பத்தோரு தடவை. வேலையத்தவன்!”

“கணக்கு சரியாத்தான் இருக்கு. இன்னைக்கே ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிடு.”

“நீங்க தப்புன்னு நானே அனுப்பணுமா? யாரு மேடம் அவன்?”

“முதல் பக்கம் பிரிண்டர்லயே சிக்கியிருக்கும், போய்ப் பாரு.”

போய் இழுத்தாள். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பேராசிரியையுடையது.

முதல் பெயர் அவளுடையது.

“மேடம்... நான் எப்போ இதெல்லாம்...”

பேராசிரியை பழைய பதிவேடுகளைத் தட்டிக் காட்டினார். “‘சர்க்கரை ஊற்ற மறந்துவிட்டேன், குழாய் வீண்’னு நாற்பத்தோரு இடத்துல நீதான் எழுதியிருக்கே. வீணாப்போனாலும் அளந்து குறிச்சும் வச்சிருக்கே. நான்தான் இத்தனை வருஷமா அதைத் தாண்டித் தாண்டிப் போயிட்டேன்.”

அவள் பதிவேட்டைப் புரட்டித் தன் கையெழுத்தைத் தேடினாள்.

“இப்பச் சொல்லு, கொழுப்பு யாருக்கு?” என்றார் பேராசிரியை.