வடிதட்டு விருந்தாளி

தையல்காரர் தலையில் வடிதட்டைக் கவிழ்த்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். அவர் வேற்றுக்கிரகவாசி, மனைவி மனுஷி; சிரித்தவர் தோற்றார். மகள் கண்டுபிடித்த விளையாட்டு. மனைவியைத் தோற்கடிக்க ஒரு மாதமாகத் தலைகீழாக நின்று பார்த்தும் அவரால் முடியவில்லை.

"மனுஷியே, மேல சுத்துற அந்த மூணு இறக்கைப் பிராணி என்ன சாப்பிடும்?"

"கரண்டு. என் வீட்டுக்காரர் மாதிரி, காத்தைவிடச் சத்தம்தான் ஜாஸ்தி."

"உங்க கண்ணுல ஏன் தண்ணி?"

"வெங்காயம்."

பலகையில் இருந்தது கேரட்.

"இப்ப என் முறை," என்றாள். "போன மாசம் உங்க ஊருக்கு ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி வந்தாளா? முன்பல் ரெண்டும் இருக்காது. இருட்டுன்னா பயப்படுவா."

வேற்றுக்கிரகவாசி வடிதட்டைச் சரிசெய்துகொண்டார்.

"வந்தா. எங்க ஊருல இருட்டே கிடையாது. பல்லும் முளைச்சாச்சு; நேத்து என்னையே கடிச்சு வச்சுட்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒரு மாதத்தில் முதன்முறையாக, அவள் தோற்றுப்போனாள்.