ஏழு காஜா

"இன்னாம்மா இது? ஆம்பள சட்டைக்குப் பொம்பள சட்டை மாதிரி வலது பக்கம் காஜா எடுத்து வெச்சிகீற?"

குமணன்சாவடியில் தையல் கடை வைத்திருக்கும் ஏகாம்பரம் சட்டையை மேசைமேல் வீசினார். பொன்னியம்மா போன வாரம்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"தெரிஞ்சுதாண்ணே எடுத்தேன். என் ஊட்டுக்காரருக்கு. துணியும் என்னுதுதான்."

"மெஷின் சும்மா கெடக்குறப்போ கையால வேற எடுத்துகீற!"

"மெஷின் காஜா இறுக்கிப் புடிக்கும்ணே. இது கொஞ்சம் தாராளமா கீது. பட்டன் சட்டுனு நொழைஞ்சிடும்."

"ஊரே சிரிக்கும். இத எந்த ஆம்பள போட்டுக்குவான்?"

"அவரே வந்து போட்டுக் காட்டுவாரு."

மதியம் ஏகாம்பரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, திரைக்குப் பின்னால் யாரோ சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பொன்னியம்மா வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் இன்னா பண்றாரு? போயி மாட்டி வுடேன்."

"வேணாண்ணே! ஆறு மாசமா நான்தான் மாட்டி வுட்டுகினு கீறேன். இன்னிக்கு அவரே போட்டுக்கட்டும்."

திரை விலகியது. வேம்புலி இடது கையால் காலரை இழுத்துவிட்டபடி வெளியே வந்தார். சட்டையின் வலது கை, முழங்கைக்குக் கீழே வெறுமையாக ஆடியது.

"ஏழும் நீயே போட்டியாய்யா?" என்று கத்தினாள் பொன்னியம்மா.

"கழுத்துப் பட்டன்கூட நானே தாம்மே!"

ஏகாம்பரம் அலமாரியைத் திறந்து நல்ல வெள்ளைத் துணியாகப் பார்த்து எடுத்தார்.

"இந்தத் துணி என்னுது. காஜா மட்டும் நீயே எடும்மா, வலது பக்கமா!"